ஜோடி வேண்டாம், ஒன்று போதும். கூண்டு மட்டும் நாலடி

கேள்வி: வணக்கம் டாக்டர். நாங்கள் செந்தூலில் ஓர் அடுக்குமாடியில் 12-வது மாடியில் இருக்கிறோம், 850 சதுர அடி வீடு. 9 வயது மகள் ஹேம்ஸ்டர் கேட்டு ஒரு மாதமாக விடாமல் நச்சரிக்கிறாள். 14 வயது மகனோ வாங்கினால் சின்சில்லாதான் வாங்க வேண்டும் என்கிறான். கடையில் போய்ப் பார்த்தோம். ஹேம்ஸ்டர் தனியாக இருந்தால் ஏங்கிப்போகும், ஆணும் பெண்ணுமாக ஜோடியாக வாங்குங்கள் என்று சொல்லி, கலர் குழாய்கள் வைத்த இரண்டு அடுக்குக் கூண்டு ஒன்றைக் கடைக்காரர் காட்டினார். பகலில் வீட்டில் மாமியார் மட்டும்தான் இருப்பார், அவருக்கு எலி என்றாலே ஆகாது. ஹால் மேற்கு பார்த்தது, ஏர்கோன் படுக்கையறையில் மட்டும், அதுவும் இரவில்தான். எதை வாங்கலாம், எங்கே வைக்கலாம்? கினிப்பன்றி நல்லது என்றும் சிலர் சொல்கிறார்கள். - செந்தூல் வாசகி

பதில்: வணக்கம் சகோதரி. கடைக்காரர் சொன்ன ஜோடிக் கதையை முதலில் தள்ளி வையுங்கள். கடைகளில் அதிகம் விற்கும் பெரிய வகை, அதாவது சிரியன் ஹேம்ஸ்டர், தனியாக வாழும் பிராணி. குட்டியாக இருக்கும்போது ஒன்றன்மேல் ஒன்று படுத்துத் தூங்கும், பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் 8 முதல் 10 வாரம் ஆனதும் சண்டை தொடங்கிவிடும், அதுவும் சும்மா சீண்டல் இல்லை, ஒன்று மற்றொன்றைக் கொன்றே போடும் அளவுக்குப் போகும். அதற்கு முன்பே இன்னொன்றும் நடந்துவிடும். இதன் கர்ப்பகாலம் வெறும் 16 நாள்தான். ஜோடியாக வாங்கியவர்கள் மூன்றாவது வாரம் ஒரு ஷூ பெட்டியில் ஏழெட்டு குட்டிகளைப் போட்டு எடுத்துக்கொண்டு கிளினிக்குக்கு வந்து, இதை யாருக்குக் கொடுப்பது டாக்டர் என்று கேட்பது எங்களுக்குப் பழகிப்போன காட்சி. குள்ள வகைகளில் சில சேர்ந்து இருக்கும் என்பார்கள், இருக்கவும் செய்யும், ஆனால் அவையும் ஒரு நாள் திடீரென்று முறைத்துக்கொள்ளும், அப்போது பிரித்து வைக்க இரண்டாவது பெரிய கூண்டு உங்களிடம் இருக்க வேண்டும். முதல்முறை வளர்ப்பவர்களுக்கு அந்தத் தலைவலி எதற்கு?

சரி, எதை வாங்குவது? எந்தப் பிராணி அழகு என்று பார்க்காமல், உங்கள் வீட்டில் எவ்வளவு இடம் இருக்கிறது, மத்தியானம் 3 மணிக்கு எவ்வளவு சூடு ஏறுகிறது என்று பார்த்தால் பாதிப் பதில் தானாக வந்துவிடும். கடைக்குப் போவதற்கு முன் ஒரு சாதாரண வெப்பமானி வாங்கி, கூண்டு வைக்க நினைக்கும் இடத்தில் ஒரு வாரம் வைத்து, பிற்பகலில் என்ன காட்டுகிறது என்று மாமியாரைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். மேற்கு பார்த்த ஹால், மேல்மாடி, ஏர்கோன் இல்லை என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தால் 32, 33 டிகிரி காட்டினாலும் எனக்கு ஆச்சரியம் இருக்காது.

அந்த எண்ணை வைத்துக்கொண்டு மகனோடு பேசுங்கள். சின்சில்லா தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் வாழும் கொறிக்கும் பிராணி, ஒரே மயிர்க்காலிலிருந்து டஜன்கணக்கில் முடி முளைக்கும் அளவுக்கு அடர்ந்த ரோமம் அதற்கு, குளிருக்கென்றே அமைந்த உடம்பு. 25 டிகிரிக்கு மேல் போனாலே அதற்கு ஆபத்து. கோலாலம்பூரில் அதை வளர்ப்பது என்றால் ஓர் அறையில் 24 மணி நேரமும் ஏர்கோன் ஓட வேண்டும், டிஎன்பி மின்சார பில்லை யார் கட்டுவது என்பது ஒரு பக்கம், மத்தியானம் கரண்ட் போனால் என்ன செய்வது என்பது இன்னொரு பக்கம். இதில் அது 10, 15 வருஷம் சர்வசாதாரணமாக உயிரோடு இருக்கும், சில அதற்கு மேலும். பையன் படித்து முடித்து வேலைக்குப் போய்க் கல்யாணப் பேச்சு வரும்போதும் அது உங்கள் வீட்டில்தான் இருக்கும், அவன் எங்கே இருப்பான் என்று தெரியாது. வேண்டாம்.

கினிப்பன்றி நல்ல பிராணிதான், சொன்னவர்கள் தவறாகச் சொல்லவில்லை. கடிப்பது அரிது, பகலிலும் விழித்திருக்கும், ஃபிரிட்ஜ் திறக்கும் சத்தம் கேட்டாலே வீக் வீக் என்று கத்தி வீட்டையே கூப்பிடும். ஆனால் அது ஹேம்ஸ்டருக்கு நேர் எதிர், தனியாக இருக்கவே கூடாது. சுவிட்சர்லாந்தில் ஒற்றைக் கினிப்பன்றி வளர்ப்பதைச் சட்டமே அனுமதிப்பதில்லை. ஆகவே குறைந்தது இரண்டு, இரண்டும் பெண்ணாக இருந்தால் நிம்மதி. இரண்டுக்கும் சேர்த்துத் தரையில் 140 க்கு 70 செ.மீ. இடமாவது வேண்டும், அதாவது ஒரு சாப்பாட்டு மேசை அளவு. மாடிக்கு மாடி வைத்து இடத்தை மிச்சம் பிடிக்க முடியாது, அதற்கு ஓடத்தான் தெரியும், ஏறத் தெரியாது. நம்மைப் போலவே அதன் உடம்பும் வைட்டமின் சி தயாரிக்காது, தினம் குடைமிளகாய், கொத்தமல்லி, கொஞ்சம் கொய்யா என்று கொடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஈறு வீங்கி, மூட்டு வலி வந்து, நடக்காமல் உட்கார்ந்துவிடும். காய்ந்த புல் இரவும் பகலும் தீராமல் இருக்க வேண்டும், நம் ஊர் ஈரக்காற்றில் அந்தப் புல் பூஞ்சை பிடிக்காமல் பார்த்துக்கொள்வதே ஒரு வேலை. இதெல்லாம் செய்துவிடலாம். ஆனால் சூடு? 27, 28 டிகிரிக்கு மேல் அது திணறத் தொடங்கும். உங்கள் ஹாலில் பிற்பகல் முழுக்க அதை விட்டு வைக்க எனக்கு மனசு வரவில்லை. நீங்கள் கிழக்கு பார்த்த தரைவீட்டில் இருந்தால், ஆயுள் 5 முதல் 8 வருஷம் என்பதையும் சொல்லி, தாராளமாக இதையே வாங்கச் சொல்லியிருப்பேன்.

என் சொந்த விருப்பம் கேட்டால், பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு வளர்ப்பு எலிதான் எல்லாவற்றையும்விட மேல். புத்திசாலி, பெயர் சொன்னால் வரும், தோளில் உட்கார்ந்து டிவி பார்க்கும். புகைமூட்டம் வரும் மாதங்களில் அதன் நுரையீரல்தான் கொஞ்சம் படுத்தும். உங்கள் மாமியாரை நினைத்து அந்தப் பேச்சை இதோடு விடுகிறேன்.

ஆக ஒரே ஒரு சிரியன் ஹேம்ஸ்டர். ஆணோ பெண்ணோ, எதுவானாலும் சரி. ஆனால் அந்தக் குழாய்க் கூண்டு வேண்டவே வேண்டாம், இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கடையில் பார்த்த கூண்டின் அடித்தளத்தை நினைவிருந்தால் கையால் அளந்து பாருங்கள், பெரும்பாலும் ஒன்றரை அடிக்கு ஓரடிதான் இருக்கும். மேலே ஒரு பிளாஸ்டிக் மாடி, சுற்றி வளைந்து போகும் குழாய். வளர்ந்த சிரியன் கன்னப்பையில் தீனியை அடைத்துக்கொண்டு அந்தக் குழாய்க்குள் போனால் திரும்பக்கூட முடியாது, உள்ளே ஈரமும் சிறுநீர் நெடியும் தங்கிவிடும். அதில் ஹேம்ஸ்டரை வளர்ப்பது ஒரு குடும்பத்தை லிஃப்டுக்குள் குடிவைப்பது மாதிரி. பிறகு அது இரவெல்லாம் கம்பியைக் கடித்துக்கொண்டிருக்கும். நாம் அதைப் பார்த்துவிட்டு பல் தேய்க்கிறது, விளையாடுகிறது என்று நினைத்துக்கொள்வோம்.

அது ஏன் கடிக்கிறது என்பதற்குப் பதில் மண்ணுக்குள் இருக்கிறது. இந்தப் பிராணியின் சொந்த ஊர் சிரியாவின் அலெப்போ பக்கத்து வயல்காடு. 1930-ல் அங்கே ஒரு வளையைத் தோண்டிப் பிடித்த ஒரு தாயும் குட்டிகளும்தான் இன்றைக்கு உலகம் முழுக்க வீடுகளில் இருக்கும் சிரியன் ஹேம்ஸ்டர்களில் பெரும்பாலானவற்றின் மூதாதைகள். காட்டில் அது தோண்டும் வளை சராசரியாக 65 செ.மீ. ஆழம் போகும். சிரியா சூடான ஊர்தானே, நம் ஊர் சூடு அதற்கு என்ன செய்யும் என்று சிலர் கேட்பார்கள். உச்சி வெயில் நேரத்தில் அது வெளியே வருவதில்லை, மண்ணுக்குள் குளிர்ச்சியில் கிடக்கிறது, அதுதான் விஷயம். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2006-ல் வெளியிட்டார்கள். சில ஹேம்ஸ்டர்களுக்கு 10 செ.மீ. ஆழம் படுகை, அதாவது கூண்டின் அடியில் நிரப்பும் மரச்சீவல் போன்றது, சிலவற்றுக்கு 40, சிலவற்றுக்கு 80. 10 செ.மீ. கிடைத்தவைதான் அதிகமாகக் கம்பியைக் கடித்தன, 80 கிடைத்தவை ஒருமுறைகூடக் கடிக்கவில்லை. 80 செ.மீ. நம் வீட்டில் நடக்காது, சரி. ஆனால் 25, 30 நடக்கும்.

எப்படி? நாலடி மீன் தொட்டி. கடையில் புதிதாக வாங்க வேண்டாம், மீன் வளர்த்து அலுத்துப்போய் விற்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், மீன் கடைகளிலும் ஒழுகுகிற பழைய தொட்டி கிடக்கும், நமக்குத் தண்ணீரா ஊற்றப்போகிறோம், ஒழுகினால் என்ன? கண்ணாடியில் விரிசலோ உடைந்த கூர்முனையோ இல்லாமல் இருந்தால் போதும். நன்றாகக் கழுவிக் காய வைத்துவிடுங்கள். வழக்கமான நாலடித் தொட்டி 120 க்கு 45, உயரமும் 45 செ.மீ. இங்கிலாந்து, ஜெர்மனி பக்கம் விலங்கு நல அமைப்புகள் ஒரு ஹேம்ஸ்டருக்குக் குறைந்தது என்று சொல்வது 100 க்கு 50. அகலம் ஒரு சாண்கூடக் குறையவில்லை, மொத்தப் பரப்பு அதைவிடக் கூடவே வருகிறது.

இந்த 45 செ.மீ. உயரத்துக்குள் இரண்டு காரியம் நடக்க வேண்டும், ஆழமான படுகையும் வேண்டும், ஓடுகிற சக்கரமும் வேண்டும். சிரியனுக்குச் சக்கரத்தின் விட்டம் 28 செ.மீ.க்குக் குறையக் கூடாது, சின்னதாக இருந்தால் முதுகு வில்லாக வளைந்தே ஓடி முதுகெலும்பு கெடும். கம்பிக் கம்பியாக இருக்கிற சக்கரமும் வேண்டாம், கால் நுழைந்து ஒடியும், முழுசாக மூடிய தளம் இருக்க வேண்டும். இந்தச் சக்கரம் நிற்க 32 செ.மீ.யாவது ஆகும். ஆகவே தொட்டியைச் சமமாக நிரப்பாதீர்கள். ஒரு பக்கம் 10 செ.மீ., அங்கே சக்கரம், தண்ணீர், ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் மணல். மறுபக்கம் மேடாக 25, 30 செ.மீ., நன்றாக அழுத்தி அழுத்தி நிரப்புங்கள், இல்லாவிட்டால் தோண்டுகிற வளை சரிந்துவிடும். இப்படி நிரப்ப ஏறக்குறைய 100 லிட்டர் மரச்சீவலோ காகிதப் படுகையோ பிடிக்கும், முதல்முறை செலவு ஹேம்ஸ்டர் விலையைவிட அதிகம் வரும், அதைப் பார்த்து மலைக்காதீர்கள், மொத்தமாக மாற்றும் வேலை இல்லை. நனைந்த மூலையை மட்டும் அன்றாடம் எடுத்துவிட்டு, எப்போதாவது ஒரு பகுதியை மட்டும் மாற்றினால் போதும். தன் வாசனை முழுக்கப் போய்விட்டால் அது பதற்றப்படும். பெரும்பாலும் அந்த மணல் கிண்ணத்தையே கழிப்பறையாக வைத்துக்கொள்ளும், அப்போது உங்கள் வேலை இன்னும் சுலபம்.

செடார் மரச்சீவல், வாசனை சேர்த்த படுகை எதுவும் வேண்டாம், நுரையீரலுக்கு ஆகாது. பஞ்சு போல் விற்கிற கூடுகட்டும் சமாச்சாரம் காலில் சுற்றிக்கொண்டு இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும், விழுங்கினால் குடலை அடைக்கும். வாசனை இல்லாத டிஷ்யூ பேப்பரைக் கிழித்துப் போட்டால் அதுவே கூடு கட்டிக்கொள்ளும்.

மூடிக்கு மரச்சட்டத்தில் அடித்த இரும்பு வலை, கண் ஒரு செ.மீ. அளவு. ஜன்னலுக்கு அடிக்கிற கொசுவலை ஒரே இரவில் ஓட்டையாகும். மகன் சின்சில்லா கிடைக்காத கோபத்தில் இருப்பான், இந்தச் சட்டம் செய்கிற வேலையை அவனிடம் கொடுங்கள்.

ஒளிந்துகொள்ள பிளாஸ்டிக் வீடு எதற்கு? பொங்கலுக்கு பிரிக்ஃபீல்ட்ஸில் மண்பானை வாங்குவீர்களே, அதில் சின்னது ஒன்றைப் படுக்க வைத்துப் பாதி புதைத்துவிடுங்கள். மண்பானை சூட்டைப் பிடித்து வைக்காது, வெயில் நாளில் உள்ளே போய் வயிற்றைப் பரப்பிக்கொண்டு படுத்திருக்கும். பானையோ கல்லோ, கனமான எதையும் படுகையின் மேல் சும்மா வைக்காதீர்கள், அது அடியில் தோண்டும்போது பானை இறங்கி நசுக்கிவிடும். கண்ணாடித் தளம் வரைக்கும் போகிற ஒரு மரக்கட்டையின் மேல் நிற்கும்படி வையுங்கள்.

இனி இந்தத் தொட்டியை எங்கே வைப்பது? மேற்கு ஜன்னல் பக்கம் கூடவே கூடாது, வெயில் நேராக விழுகிற கண்ணாடித் தொட்டிக்குள் சூடு மளமளவென்று ஏறி உயிரே போய்விடும். மகளின் அறையும் வேண்டாம், அவள் தூங்கப் போகும் நேரத்தில்தான் அது எழுந்து சக்கரத்தில் ஏறும், விடியற்காலை வரைக்கும் ஓடும். சாப்பாட்டு மேசைப் பக்கம் உள்சுவர் ஒன்று இருக்குமே, வெயில் படாத சுவர், அங்கே உறுதியான ஒரு தாழ்ந்த அலமாரி மேல் வையுங்கள். சாமி மேடைக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம். வெள்ளிக்கிழமை சாம்பிராணி, தினம் ஊதுபத்தி, மழைக்காலத்தில் கொசுவத்தி என்று எல்லாப் புகையும் அந்தச் சின்ன நுரையீரலுக்குள்தான் போகும். டெங்கிக்காக ஃபோகிங் போடுவதாக நோட்டீஸ் ஒட்டினால் அன்றைக்கு ஹேம்ஸ்டரைச் சின்னப் பெட்டியில் எடுத்து ஜன்னல் மூடிய உள்ளறையில் வையுங்கள், புகை முழுக்கப் போனபின் திரும்ப விடலாம்.

பகலில் சூடு 30-ஐத் தாண்டுகிற நாட்களில் மாமியார் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. ஒரு டைல்ஸ் துண்டை ஃபிரிட்ஜில் வைத்திருந்து மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் தொட்டிக்குள் வைத்துவிட வேண்டும், எலியைத் தொடவே வேண்டாம். ஃபேனை அதன் மேல் திருப்பி விடுவதில் பலன் இல்லை, அதற்கு நம்மைப்போல் வியர்க்காதே. துவண்டு படுத்து, வேகமாக மூச்சு வாங்கி, வாயோரம் நனைந்திருந்தால் சூடு தாக்கிவிட்டது என்று அர்த்தம். குளிர்ந்த தண்ணீரில், ஐஸ் தண்ணீர் அல்ல, துணியை நனைத்துக் காதையும் பாதத்தையும் துடைத்துக்கொண்டே கிளினிக்குக்குக் கிளம்புங்கள்.

எறும்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் முதல் வாரமே வரும். எறும்புச் சாக்கால் கோடு போடாதீர்கள், அது பூச்சிமருந்து. அந்தக் காலத்து அடுக்களை அலமாரிக்குச் செய்ததுபோல் அலமாரிக் கால்களைக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி அதில் வையுங்கள், கொசு முட்டையிடாதபடி பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, வாரம் ஒருமுறை மாற்றுங்கள்.

தீனி பெரிய விஷயமே இல்லை. ஹேம்ஸ்டருக்கான தானியக் கலவை ஒரு தேக்கரண்டி அல்லது இரண்டு, வெள்ளரி, கேரட் ஒரு சின்னத் துண்டு. சூரியகாந்தி விதை எப்போதாவது. ஆரஞ்சு, வெங்காயம், பூண்டு கூடாது. பாட்டி மனசு மாறி முறுக்கு கொடுக்க ஆரம்பிப்பார், அப்போது மட்டும் தடுங்கள்.

வாங்கும்போது சாயங்காலம் போங்கள், பகலில் தூங்குகிற பிராணியைப் பார்த்து எதுவும் தெரியாது. கண் பளிச்சென்று இருக்க வேண்டும், வால் பக்கம் காய்ந்திருக்க வேண்டும். அங்கே நனைந்திருந்தால் அந்தக் கூண்டிலிருந்து எதையுமே வாங்காதீர்கள், குட்டிகளுக்கு வருகிற அந்த வயிற்றுப்போக்கு ஓரிரு நாளில் உயிரை எடுக்கும். ஆணும் பெண்ணும் கலந்து கிடக்கிற கூண்டிலிருந்து பெண்ணை வாங்கினால் குட்டியோடு சேர்த்தே வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் முதல் வாரம் தொடாமல் விடச் சொல்லுங்கள். மகளுக்கு இதுதான் கஷ்டமாக இருக்கும். அப்புறம் இரவுச் சாப்பாட்டுக்குப் பின், அது தானாக எழுந்து வெளியே வந்தபின், தரையில் உட்கார்ந்து உள்ளங்கையில் ஒரு விதை வைத்துக் காத்திருக்கட்டும். தூங்குவதை எழுப்பித் தூக்கினால் கடிக்கும், அது அதன் தப்பில்லை. நின்றுகொண்டு பிடிக்கவே கூடாது, ஹேம்ஸ்டருக்குப் பார்வை மங்கல், உயரம் தெரியாமல் கையிலிருந்து நேராக நடந்து கீழே விழும். ஆயுள் 2 முதல் 3 வருஷம்தான் என்பதையும் வாங்கும் முன்பே அவளிடம் சொல்லிவிடுங்கள், பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட நன்றாகவே புரிந்துகொள்வார்கள். தினமும் தண்ணீர் மாற்றுவது அவள் வேலை என்று பேசிக்கொண்டாலும், மாற்றினாளா என்று பார்க்கிற வேலை உங்களுடையது.

உடம்பு சரியில்லை என்றால் வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக்கை உடைத்துக் கொடுக்காதீர்கள், தயவுசெய்து. நமக்குச் சாதாரணமாகத் தருகிற அமாக்சிசிலின் வாய்வழியாகப் போனால் ஹேம்ஸ்டர், கினிப்பன்றி இரண்டுக்கும் குடலில் நல்ல கிருமிகள் செத்து உயிருக்கே ஆபத்தாகும். எல்லா கிளினிக்கும் இந்தச் சின்னப் பிராணிகளைப் பார்ப்பதில்லை, ஆகவே வாங்குவதற்கு முன்பே ஃபோன் செய்து ஹேம்ஸ்டர் பார்ப்பீர்களா என்று இரண்டு மூன்று இடத்தில் கேட்டு வையுங்கள். செர்டாங்கில் யூபிஎம் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனையும் இருக்கிறது.

மாடிக் குடியிருப்பின் விதிகளையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அடுக்குமாடிகளுக்கான 2015-ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா விதிமுறைகளின்படி அண்டை வீட்டாருக்குத் தொந்தரவோ ஆபத்தோ தருகிற பிராணியைத்தான் வைக்கக் கூடாது, அப்படி நிர்வாகம் எழுத்தில் அறிவித்தால் 3 நாளில் அப்புறப்படுத்த வேண்டும். ஹேம்ஸ்டரால் யாருக்கும் தொந்தரவு வராது, ஆனால் சில இடங்களில் நிர்வாகமே கூடுதலாக விதி வைத்திருக்கும், அதைத்தான் அலுவலகத்தில் கேட்க வேண்டும்.

கடைசியாக மாமியார் விஷயம். எலி ஆகாதவர் என்றால் அடுக்களையில் எலிப் பசை அட்டையோ எலி மருந்தோ வைத்திருப்பார், கேட்டுப் பாருங்கள். ஹேம்ஸ்டர் என்றைக்காவது ஒருநாள் தப்பி ஓடும், ஓடினால் நேராக ஃபிரிட்ஜுக்குப் பின்னால்தான் போகும். தொட்டி வருகிற அன்றைக்கே அதையெல்லாம் எடுத்துவிடுங்கள். தொட்டியை நிரப்பி முடித்ததும், ஹேம்ஸ்டர் வாங்குவதற்கு முன், ஒரு படம் எடுத்து அந்த வெப்பமானிக் கணக்கோடு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.